பல் விழுவது வயதின் கட்டளை அன்று

தக்கன் வேள்வியில் சிவநிந்தை நிகழ்ந்தபோது பல் தெரியச் சிரித்தவன் பூஷன். சூரியர் பன்னிருவருள் ஒருவனாகிய அவனுடைய பற்களை வீரபத்திரர் உதிர்த்தார். பின்னர் இறைவன் சினம் தணிந்து அருள்செய்தபோது, தலை இழந்த தக்கனுக்கு ஆட்டுத் தலை பொருத்தி உயிர் தரப்பட்டது. பூஷனுக்கோ மாவாக அரைத்த அவியே உணவாக விதிக்கப்பட்டது. அந்த வேள்வி நடந்த தலமாகப் போற்றப்படுவது, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருப்பறியலூர். மயிலாடுதுறைக்கு அருகே கீழப்பரசலூர் என்று இன்று வழங்கும் அவ்வூருக்குச் சென்று வழிபட்ட அடியார்கள் பலர் இருப்பர். தலை போனவனுக்கு மாற்றுத் தலை கிடைத்தது. பல் போனவனோ தன் உணவையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

முதியோர் பலருடைய இல்லங்களில் இதுதான் ஓசையின்றி நடைபெறுகிறது. முதலில் முறுக்கும் சீடையும் விலகுகின்றன. அடுத்துக் கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யா, கரும்பு ஆகியவை விலகுகின்றன. பிறகு காய்களும் கீரைத் தண்டும் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. இறுதியில் குழைந்த ரசம் சாதமும் பாலில் ஊறிய இட்லியுமே அன்றாட உணவாகின்றன. நார்ச்சத்தும் புரதமும் குறைந்து, மலச்சிக்கலும் தளர்ச்சியும் வந்து சேர்கின்றன. கேட்டால், “வயதானால் பல் போகத்தானே செய்யும்” என்ற பதில் கிடைக்கும். மகனுக்கு வீண் செலவு எதற்கு என்ற எண்ணமும் அந்தப் பதிலுக்குள் மறைந்திருக்கும்.

அந்தப் பதில் சரியன்று. தலைமுடி நரைப்பது போல் பற்கள் தாமாக விழுவதில்லை. சொத்தையும் ஈறு நோயுமே பற்களை வீழ்த்துகின்றன. இவ்விரண்டும் நோய்கள், தடுக்கக்கூடியவை, தொடக்கத்தில் எளிதாகச் சரிசெய்யக்கூடியவை. எண்பது வயதிலும் சொந்தப் பற்களால் உண்ணும் பெரியோர் அரிய பிறவிகள் அல்லர். இந்நோய்கள் நெடுங்காலம் வலியின்றி வளர்வதுதான் இடர். வலி வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களே பற்களை இழக்கிறார்கள்.

சொல்லும் பல்லும்

பல் போனால் சொல் போச்சு என்பது ஊரறிந்த பழமொழி. தமிழின் எழுத்துகள் பிறக்கும் இடங்களை வகுத்துக் கூறும் தொல்காப்பியம், தகரமும் நகரமும் பிறக்க நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும் என்கிறது. வகரம் பிறக்கப் பல்லும் இதழும் இயைய வேண்டும் என்கிறது. ஐந்தெழுத்து மந்திரத்தில் முதலில் நிற்கும் நகரத்துக்கும் நான்காவதாக வரும் வகரத்துக்கும் மேல் முன்பற்கள் துணை நிற்கின்றன. நாள்தோறும் சஹஸ்ரநாமமோ திருமுறையோ திவ்யப் பிரபந்தமோ பாராயணம் செய்வோருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முன்பல் ஒன்று விழுந்த மறுநாளே காற்று வேறு வழியில் போவது அவர்களுக்குத் தெரியும். கோஷ்டியில் குரல் தாழ்த்திக்கொள்வோரும், கையால் வாயை மறைத்துப் பேசுவோரும் இதனால் உண்டு. உணவு, உச்சரிப்பு, முகப்பொலிவு ஆகிய மூன்றும் பற்களைச் சார்ந்திருக்கின்றன.

வலியின்றி வரும் நோய்

பற்களின் மீது நிறமற்ற மெல்லிய படலம் ஒன்று நாள்தோறும் படிகிறது. அது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும் படலம். இனிப்பும் மாவுப் பண்டமும் வாய்க்குள் வரும்போது இந்நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கிறது. எனாமலுக்கு உணர்ச்சி நரம்பு கிடையாது, ஆகையால் வலிப்பதில்லை. அரிப்பு அதற்கடுத்த அடுக்கைத் தொட்ட பின்பே குளிர்ச்சியும் இனிப்பும் கூசத் தொடங்குகின்றன. நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்லின் நடுப்பகுதியைத் தொடும்போது இரவில் உறங்கவிடாத வலி எழுகிறது. அதற்குள் பெரும்பகுதி பல் அரிந்துபோயிருக்கும்.

ஈறு நோய் இதைக் காட்டிலும் அமைதியானது. துலக்காமல் விட்ட படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டுக் காரையாகிறது. காரை படிந்த இடத்தில் ஈறு சிவந்து வீங்குகிறது. பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. நாளடைவில் ஈறு பல்லை விட்டு விலகி, அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பற்கள் நீண்டுவிட்டன போலத் தோன்றும், இடைவெளிகள் விழும், பின் ஆடும். இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடந்துவிடுகிறது. சொத்தையே இல்லாத முழுப் பல் ஒன்று ஒருநாள் கையோடு வந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

ஈற்றில் இரத்தம் கண்டவுடன் அந்த இடத்தைத் துலக்குவதை நிறுத்திவிடுவோர் பலர். அது நோய்க்குத் துணை செய்வதாகும். இரத்தம் கசியும் இடத்தையே மென்மையாகவும் முறையாகவும் துலக்க வேண்டும். சில நாட்களில் நிற்காவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீரிழிவு உள்ளோர் இதில் இருமடங்கு கவனமாக இருத்தல் நலம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் விரைந்து வளரும். ஈறு நோய் வளர்ந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும். மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் சரியாக இருந்தும் சர்க்கரை இறங்காதபோது, ஈறுகளையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது பயன் தரும்.

பிரசாதமும் பல்லும்

கோயிலில் தரும் சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் மறுக்க வேண்டும் என்று எந்தப் பல் மருத்துவரும் சொல்வதில்லை. பல்லைப் பொறுத்தவரை, இனிப்பின் அளவைவிட அது எத்தனை முறை வாய்க்கு வருகிறது, எவ்வளவு நேரம் பல்லில் தங்குகிறது என்பதே முக்கியம். இனிப்பு உண்ட பின் எழும் அமிலத்தை உமிழ்நீர் தணிப்பதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காலையில் ஒருமுறை உண்ட சர்க்கரைப் பொங்கலால் ஒருமுறைதான் தாக்குதல். ஒரு கற்கண்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கொரு துண்டாக வாயில் ஒதுக்கினால் நாள் முழுவதும் தாக்குதல். வாயில் ஒதுக்கும் கற்கண்டு, இருமலுக்குச் சப்பும் மிட்டாய், அடிக்கடி பருகும் சர்க்கரை கலந்த காபி ஆகியவையே முதியோரின் பற்களை மிகுதியாகக் கெடுக்கின்றன.

பிரசாதத்தைக் கூடியவரை உணவு வேளையோடு சேர்த்து உண்ணலாம். பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் வெல்லமும் கலந்த பஞ்சாமிர்தம் பல்லிடுக்கில் ஒட்டும் இயல்புடையது. உண்டபின் வெறும் நீரால் நன்கு கொப்பளித்தால் பெருமளவு நீங்கும். உண்டபின் வாய் கொப்பளிப்பது நம் முன்னோர் வழக்கம்தான். கைகழுவும் தொட்டியருகே நின்று கைகளை மட்டும் நனைத்துக்கொள்ளும் பழக்கம் பிற்காலத்தில் வந்தது.

இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு முதலியவற்றுக்குத் தரப்படும் மருந்துகளில் சில உமிழ்நீரைக் குறைத்து நாவை வறளச் செய்யும். உமிழ்நீர் குறைந்த வாயில் சொத்தை விரைந்து பரவும். ஈறு விலகி வெளித்தெரியும் வேர்ப்பகுதியில் அது முதலில் தோன்றும். வறட்சிக்காக மிட்டாயைச் சப்பாமல், அவ்வப்போது ஒரு மடக்கு நீர் பருகுவதே தக்கது. மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்கலாம்.

இரண்டு வேளை

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்று தமிழர் கண்டிருந்தனர். சரக சம்ஹிதை பற்குச்சியைப் பற்றிக் கூறும் இடத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, பல் துலக்குவது ஒரு நாளைக்கு இரு வேளை. மற்றொன்று, நுனியை மென்மையாக நசுக்கிக்கொண்டு ஈறு புண்படாமல் துலக்க வேண்டும். இன்றைய பல் மருத்துவர் சொல்லும் இரண்டு அறிவுரைகளும் இவையே. காலை வேளை பெரும்பாலும் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இரவு வேளைதான் விட்டுப்போயிற்று. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைகிறது. ஆகவே இரவில் துலக்காமல் படுத்தவருடைய பற்கள் விடியும்வரை காவலின்றிக் கிடக்கின்றன.

துலக்கும் பிரஷ் மென்மையான இழைகள் உள்ளதாக இருத்தல் வேண்டும். அழுத்தித் தேய்த்தால் அழுக்குப் போகும் என்பது பாத்திரத்துக்குப் பொருந்தும், பல்லுக்குப் பொருந்தாது. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷைச் சற்றே சாய்த்து வைத்து, சிறு சிறு வட்டமாக இரண்டு நிமிடம் துலக்கினால் போதும். ஃபுளோரைடு கலந்த பற்பசை பட்டாணி அளவு எடுத்தால் போதும். இழைகள் விரிந்துவிட்டாலோ மூன்று மாதம் கடந்தாலோ பிரஷை மாற்ற வேண்டும். விரல்களில் வாதம் உள்ளோர் பிரஷின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

வேப்பங்குச்சியை விரும்புவோர் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அது கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை எட்டுவதில்லை என்பதால் பிரஷும் வேண்டும். சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள், பரல் உப்பு ஆகியவை எனாமலை உராய்ந்து தேய்ப்பவை. அவற்றால் துலக்கியபின் பல் வெண்மையாகத் தோன்றும். நாள் செல்லச் செல்ல எனாமல் தேய்ந்து மஞ்சளும் கூச்சமும் மிகும்.

விரத நாட்களில் பல் துலக்கலாமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அமாவாசை முதலிய சில நாட்களில் பற்குச்சியை விலக்கிய தர்ம சாஸ்திரம், அந்நாட்களிலும் வாயைத் தூய்மை செய்யாமல் விடச் சொல்லவில்லை. நீரால் பன்னிரண்டு முறை கொப்பளிக்கச் சொல்லிற்று. குச்சியைத் தவிர்ப்போர் அன்று மென்மையான பிரஷை வெறும் நீரில் நனைத்துத் துலக்கிக்கொள்ளலாம். பல்லில் படியும் படலத்துக்கு ஏகாதசி தெரியாது.

அஞ்ச வேண்டாத சிகிச்சைகள்

பல் மருத்துவரிடம் போவதற்குத் தடையாக நிற்பவை பெரும்பாலும் பழைய அச்சங்களே. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது அவற்றுள் ஒன்று. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறானவை. பல் எடுப்பதால் பார்வை கெடுவதில்லை. பல் எடுத்த வயதில் கண்புரையும் வருவதால் இரண்டும் முடிச்சுப் போடப்பட்டுவிட்டன.

காரையை நீக்கிச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்பது மற்றோர் அச்சம். உண்மையில், ஈறு விலகிய இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அது நீங்கியதும் மறைந்திருந்த இடைவெளி புலனாகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். பல்லை ஆடச் செய்தது காரையே. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சுத்தம் செய்துகொண்டால் ஈறு இறுகும், பல் நிலைக்கும்.

சொத்தை சிறிதாக இருக்கும்போது அரித்த பகுதியை நீக்கி அடைத்துவிடலாம். இதுவே எளிய, செலவு குறைந்த சிகிச்சை. சொத்தை நடுப்பகுதியை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை தேவைப்படும். மரத்துப்போகும் ஊசி போட்டபின், பல்லுக்குள் கெட்டுப்போன பகுதியை அகற்றி, வேரின் குழாய்களைத் தூய்மை செய்து அடைப்பார்கள். ஓரிரு முறையோ சிலமுறையோ செல்ல நேரலாம். அந்தப் பல் உடையாமலிருக்க மேலே உறை போடுவது வழக்கம். உறைக்கான செலவைக் கருதி அதை விட்டுவிட்டவர்களின் கடைவாய்ப் பல் பின்னொரு நாள் பிளந்துபோவது உண்டு.

காக்க இயலாத பல்லை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தபின் வைக்கும் பஞ்சை அரை மணி நேரமாவது கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் துப்புவதும் கொப்பளிப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் புண்ணை மூடும் இரத்தக் கட்டி கலைந்து இரத்தம் மீண்டும் பெருகும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். உபவாச நாளில் பல் எடுத்துக்கொள்வதைத் தவிர்ப்பது நலம். வெறும் வயிற்றோடு சென்றால் மயக்கம் வரக்கூடும். நீரிழிவு உள்ளோருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அவர்கள் வழக்கம்போல் உண்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு காலை வேளையில் செல்வதே உகந்தது.

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், நோயை நீக்காது. பஞ்சில் ஒரு துளி போதும். ஈற்றில் மிகுதியாகப் பட்டால் எரிந்து புண்ணாகும். வலி மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும், புகையிலைத் துண்டை அடக்கிக்கொள்வதும் ஈற்றை வெந்துபோகச் செய்பவை. கன்னமோ தாடையின் கீழ்ப்பகுதியோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ துன்பப்பட்டால், அது விடியும்வரை காத்திருக்கக் கூடிய நோயன்று. உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

பல்லுக்குத்தானே என்று எண்ணி மற்ற நோய்களைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவதே எளிய வழி.

இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்குப் பின்னோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்போர் பலர். பல் எடுக்கப்போகிறோம் என்று அவர்கள் தாமாகவே நான்கைந்து நாள் அம்மாத்திரையை நிறுத்திவிடுவதுண்டு. அப்படி நிறுத்துவது மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ வழி வகுக்கலாம். பல் ஒன்றை எடுக்கும்போது கசியும் இரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம். எளிய சிகிச்சைகள் பெரும்பாலானவற்றுக்கு அம்மாத்திரையை நிறுத்தவே தேவையிருப்பதில்லை. நிறுத்துவதா வேண்டாவா என்பதைப் பல் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சில பல் சிகிச்சைகளுக்கு முன்பு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவார்கள். எலும்பு தேய்மானத்துக்காக வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஓர் ஊசியோ எடுத்துக்கொள்வோரும் அதைக் கூற வேண்டும். அம்மருந்துகளில் சிலவற்றால், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் நிற்பது அரிதாக நேர்வதுண்டு.

பல் கட்டிக்கொண்டோர்

இழந்த பற்களுக்கு மாற்று உண்டு. கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களைத் துணைகொண்டு நிலையாகக் கட்டும் பல், தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பொருத்தும் பல் என்று மூவகை. திருகு எலும்போடு ஒன்றிப்போகச் சில மாதங்கள் ஆகும், செலவும் மிகுதி. எலும்பின் தன்மை, உடல்நிலை, பொருள்வசதி ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தால் மூன்றுமே நல்லவைதாம்.

பல்செட் அணிவோர் இரவில் அதைக் கழற்றித் தூய நீரில் இட்டு வைக்க வேண்டும். ஈறுகளுக்கும் ஓய்வு தேவை. இரவும் பகலும் கழற்றாமலிருந்தால் மேலண்ணம் சிவந்து பூஞ்சை படரும். பல்செட்டைப் பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும். மென்மையான சோப்பும் தனி பிரஷும் போதும். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் நீரோ, மடித்த துண்டோ வைத்துக்கொண்டால் கைதவறினாலும் உடையாது. பல்லெல்லாம் போனபின் மருத்துவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தாடை எலும்பு ஆண்டுதோறும் சிறிது கரைவதால் பல்செட் தளர்ந்து, உராய்ந்து, புண்ணாக்கும். ஆண்டுக்கு ஒருமுறை காட்டி அடிப்பகுதியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தாம்பூலமும் ஆறாத புண்ணும்

வெற்றிலையும் பாக்கும் மங்கலப் பொருள்கள். இறைவனுக்குப் படைப்பதும், வந்தோருக்கு வைத்துக்கொடுப்பதும் வழக்கம். ஆனால் நாள்தோறும் பலமுறை மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்வது வேறு. புகையிலை சேர்ந்தால் கேடு என்பது எல்லோரும் அறிந்ததே. பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்திருக்கிறது. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் கெட்டிப்பட்டு, வாய் திறக்கும் அளவு சிறிது சிறிதாகக் குறையும் நோயும் உண்டு.

வாய்க்குள் தோன்றும் புண் இரண்டு வாரத்துக்குள் ஆறாவிட்டால், வலி இல்லையென்றாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், செந்நிறத் திட்டு, கழுத்தில் கட்டி ஆகியவையும் அவ்வாறே. உடைந்த பல்லின் கூர்முனை நாவை ஓயாது உராய்ந்துகொண்டிருந்தால் அதைச் சமன்செய்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் கண்டறிந்த வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னம், நா, நாவின் அடிப்புறம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது சிறந்த பழக்கம்.

பேரப்பிள்ளைகளின் பால் பற்கள்

விழுந்துவிடும் பல்தானே என்று பால் பற்களின் சொத்தையை விட்டுவிடுவது தாத்தா பாட்டிகளிடம் காணப்படும் எண்ணம். பால் பற்கள் இருபதும், பின்னால் முளைக்கும் நிலைப் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவை. அவை காலத்துக்கு முன்பே போனால் நிலைப் பற்கள் கோணலாக முளைக்கும். ஆறு வயதளவில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னே, எதுவும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால் பல் அன்று; ஆயுள் முழுவதற்கும் உரிய பல். இதை அறியாத இல்லங்களில் அந்தப் பல்தான் முதலில் சொத்தையாகிறது.

குழந்தைக்குப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கப் பழக்கலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் பற்பசை போதும். துப்பக் கற்பிக்க வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இயல்பாகவே மிகுந்துள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் பற்களில் பழுப்புக் கறை படிவதுண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்குறையைப் போக்குவதற்காகவே வந்தது. அப்பகுதியினர் குழந்தையின் பற்பசையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அழும் குழந்தையிடம், “ஊசி போடச் சொல்லுவேன்” என்று பல் மருத்துவரைக் காட்டி அச்சுறுத்தாமலிருப்பதும் பெரியோர் செய்யக்கூடிய உதவியே.

இல்லத்தார் கடமை

படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, நெற்றிக்கு நீறோ திருமண்ணோ இட்டுப் பேணும் இல்லங்களிலும் வாயைத் தூய்மை செய்வது மறந்துபோவதுண்டு. வாயில் பெருகும் நுண்ணுயிர்கள் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலை அடைந்து நிமோனியாவை உண்டாக்கக்கூடும். தலையைச் சற்று உயர்த்தி ஒருபுறமாகச் சாய்த்து, மென்மையான பிரஷையோ நனைத்த மெல்லிய துணியையோ கொண்டு, சிறிதளவு நீரால் இருவேளை துடைக்க வேண்டும். சொல்லத் தெரியாத நிலையில் உள்ளவர் உணவை மறுத்தால், வாயில் புண்ணோ பல்வலியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சுவோருக்கு அரசுப் பல் மருத்துவமனைகள் உண்டு. சென்னையில் 1953இல் தொடங்கப்பட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசுக் கல்லூரிகளும், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும் இருக்கின்றன. வரிசையில் காத்திருக்க நேரலாம், சிகிச்சை முறையானது.

பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தட்டில் காய் ஒதுக்கப்படுவதைக் கண்டால், “பிடிக்கவில்லையா அம்மா?” என்று கேட்பதோடு நில்லாமல், “கடிக்க முடியவில்லையா?” என்றும் கேட்க வேண்டும். பெரியோர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. கேட்கும்போது, “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று மறைக்காமலிருக்க வேண்டும். இன்று அடைத்துவிடக்கூடிய சிறு சொத்தையை மறைத்தால், அது ஓராண்டில் பெருஞ்செலவாகி மகனிடமே வந்து நிற்கும். வரும் அமாவாசைக்குள் இல்லத்தில் உள்ள அனைவரும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்வதென்று நாள் குறித்துக்கொண்டால், இல்லம் முழுமைக்கும் நன்மை.